சப்வூஃபர்: ‘துணை’ அல்ல, ‘அடி’

சப்-இன்ஸ்பெக்டர், சப்-கலெக்டர் என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘சப்வூஃபர்’ என்றதும் தாழொலி தரும் ஸ்பீக்கரான வூஃபருக்கு ஒரு துணை ஆள் என்றுதான் தோன்றும். ‘துணை ஒலிபெருக்கி’ என்று எழுதுவதும் இந்த எண்ணத்தில்தான். சொல் இப்படிப் பிசகினால், பெட்டியைத் தேர்ந்தெடுப்பதும் அமைப்பதும் கூடவே பிசகும்.

‘சப்’ என்பது லத்தீன் முன்னொட்டு. அடிப்படைப் பொருள் ‘கீழே’. பதவிப் பெயர்களில் அது ‘அடுத்த படியில் இருப்பவர்’ என்று விரிந்தது. சப்வூஃபரில் இருப்பதோ நேர்ப்பொருள். ‘வூஃபர்’ ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த பெயர்: நாய் அடித்தொண்டையில் குரைப்பதை ஆங்கிலத்தில் ‘வூஃப்’ என்பார்கள். குருவியின் கீச்சொலியான ‘ட்வீட்’டிலிருந்து, உச்ச ஒலி தரும் ஸ்பீக்கருக்கு ட்வீட்டர் என்ற பெயர் வந்தது. வூஃபர் இறங்கி ஓய்ந்த இடத்துக்கும் கீழே ஒலிப்பது சப்வூஃபர். அது வேலையைப் பகிர்ந்துகொள்ள வந்த உதவியாள் அல்ல, அடித்தளத்தையே தன் பொறுப்பில் வைத்திருப்பது.

அந்த அடித்தளம் ஏறத்தாழ 20 முதல் 80 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரை. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசிக் கட்டை 27.5. பலர் ‘பேஸ் நல்லா அடிக்குது’ என்று பாராட்டும் ‘தொம் தொம்’ பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது. அது சாதாரண வூஃபரிலேயே வரும்.

இன்னொரு குழப்பம் 5.1 என்ற சரவுண்ட் ஒலி அமைப்பின் பெயரில் உள்ள ‘புள்ளி ஒன்று’. 1992-இல் திரையரங்குகளுக்கு வந்த டால்பி டிஜிட்டலில் தாழொலி விளைவுகளுக்கென்று ஒரு தனித்தடம் இருந்தது. அது 120 ஹெர்ட்ஸ் வரைதான் செல்லும். முழுத்தடம் அல்லாததால் ‘புள்ளி ஒன்று’ என்று எண்ணினார்கள். அது தடத்தின் பெயர், பெட்டியின் பெயர் அல்ல. வெறும் இரண்டு தடம் உள்ள ஸ்டீரியோவுக்கும் சப்வூஃபர் பொருந்தும், சரியாக அமைந்தால் அழகாகவே பொருந்தும்.

தமிழில் என்ன சொல்வது? ‘ஒலிபெருக்கி’ என்றால் ஆம்பிளிஃபையரா ஸ்பீக்கரா என்பதே தெளிவில்லை. பெரும்பாலான சப்வூஃபர்களுக்குள் இரண்டுமே இருப்பதால் குழப்பம் கூடுகிறது. ‘தாழ் அதிர்வெண் ஒலிபெருக்கி’ என்பது வூஃபருக்கும் பொருந்திவிடும். நம் இசை மரபில் இதற்குக் கைவசம் சொல் இருக்கிறது. கீழ்த் தானத்தை மந்தரம் என்றும், தமிழிசை வழக்கில் மெலிவு என்றும் சொல்கிறோம். அதற்கும் கீழே இறங்குவது அனுமந்தரம். ‘மெலிவு’ பொருத்தமான சொல்தான், ஆனால் இன்றைய பேச்சில் நலிவைக் குறிப்பதால் இந்தப் பெட்டிக்கு ஒட்டாது. மண்ணுக்குக் கீழ் அடுக்கை அடிமண் என்பதுபோல் மந்தரத்துக்குக் கீழே அடிமந்தரம். ஆகவே வூஃபர் ‘மந்தர ஒலிப்பான்’, சப்வூஃபர் ‘அடிமந்தர ஒலிப்பான்’ என்பது எங்கள் பரிந்துரை. கடையில் சப்வூஃபர் என்றே கேளுங்கள்; கட்டுரையிலும் பாடத்திலும் அடிமந்தர ஒலிப்பான் என்று எழுதலாம்.

‘அடி’ என்ற பொருளைப் பிடித்துக்கொண்டால் கிராஸ்ஓவர் குமிழை, அதாவது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபர் ஒலிக்க வேண்டும் என்று குறிக்கும் குமிழை, எங்கே நிறுத்துவது என்பதும் புரிந்துவிடும். ஸ்பீக்கர்கள் எந்த அதிர்வெண்ணில் தளர்கின்றனவோ அங்கே சப்வூஃபர் தொடங்க வேண்டும். 5 அங்குல வூஃபர் கொண்ட அலமாரி ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 50 முதல் 65 ஹெர்ட்ஸுக்குள் ஓய்ந்துவிடும். உங்கள் ஆம்பிளிஃபையர் ஸ்பீக்கர்களுக்குப் போகும் தாழொலியை வெட்டாத வகை என்றால் குமிழை 50-இல் வைத்துத் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஆம்பிளிஃபையர்) என்றால் அதன் மெனுவில் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று குறித்து 80 ஹெர்ட்ஸில் பிரிக்கலாம். அப்போது சப்வூஃபரின் சொந்தக் குமிழை முழுக்கத் திறந்துவிட வேண்டும். இரண்டு இடத்திலும் வடிகட்டினால் நடுவில் பள்ளம் விழும்.

அளவு மீறியதைக் கண்டுபிடிக்க, கனத்த ஆண்குரலில் வெறும் பேச்சை ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். ஆண்குரலின் அடிநாதம் ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும். குரல் எதிரிலும் அதன் நெஞ்சொலி மட்டும் மூலையிலிருக்கும் பெட்டியிலும் வந்தால், கிராஸ்ஓவர் மேலே ஏறிவிட்டது. பேச்சு ஒலிக்கும்போது சப்வூஃபர் இருப்பதே தெரியக்கூடாது.

இடம்தான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் எட்டரை மீட்டருக்கும் அதிகம். அறையே அதற்குள் அடங்கிவிடும். 5 மீட்டர் நீள அறையில் முதல் அறை ஒத்ததிர்வு 34 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். சுவரோரம் அந்த ஒலி வீங்கிக் கேட்கும், நீளவாட்டில் நட்டநடுவே உட்கார்ந்தால் கிட்டத்தட்ட காணாமலே போகும். ‘எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே கும்’ என்ற குறைக்கும் ‘பேஸே வரலை’ என்ற குறைக்கும் காரணம் பல வீடுகளில் இதுதான், பெட்டி அல்ல. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். பேஸ் கிட்டார் படிப்படியாக ஏறி இறங்கும் இசையை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடி தரைமட்டத்தில் காதை வைத்துக் கேளுங்கள். எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் எங்கே கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புங்கள். மிச்சமிருக்கும் வீக்கத்தை, குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்வலைசரால் குறைக்கலாம். பள்ளத்தை மட்டும் அதனால் நிரப்ப முடியாது. அங்கே எவ்வளவு ஏற்றினாலும் ஆம்பிளிஃபையர்தான் திணறும்.

அடுத்தது ஃபேஸ், அதாவது சப்வூஃபரின் அலையும் ஸ்பீக்கர்களின் அலையும் ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா என்பது. கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு, இன்னொருவரை சப்வூஃபரின் ஃபேஸ் பொத்தானை 0-வுக்கும் 180-க்கும் மாற்றச் சொல்லி நாற்காலியிலிருந்து கேளுங்கள். எதில் ஒலி கனமாக இருக்கிறதோ அதுவே சரி.

பெட்டி வகையில் இரண்டு முக்கியம். மூடிய பெட்டி ஆழத்தில் மெதுவாகத் தேயும்: ஒவ்வோர் ஆக்டேவுக்கும், அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் (ஒலியளவின் அலகு). துளையுள்ள போர்ட்டட் பெட்டி தன் சுருதி (துளை ஒத்ததிரும் அதிர்வெண்) வரை கூடுதல் பலத்தோடு ஒலித்து, அதற்குக் கீழே 24 டெசிபல் வீதம் சரியும். சுருதிக்குக் கீழே, ஒலி எழுப்ப முன்னும் பின்னும் அசையும் கூம்பைத் தாங்கும் காற்றழுத்தம் போய்விடுவதால் அது கட்டின்றி அலையும்; வடிகட்டி இல்லாத மலிவுப் பெட்டிகள் ‘டக்’கென்று அடிபடுவது அங்கேதான். சிறிய அறையில் இசைக்கு மூடியது, பெரிய அறையில் படத்துக்குப் போர்ட்டட் என்று தொடங்கலாம்.

மேம்படுத்த நினைக்கும்போது வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 100 வாட்டை 200 ஆக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். 8 அங்குலக் கூம்பிலிருந்து 12 அங்குலத்துக்குப் போனால் பரப்பு 2.25 மடங்கு, அதே அசைவுக்கு ஏறத்தாழ 7 டெசிபல் கூடும். அதே சத்தத்தில் 40-லிருந்து 20 ஹெர்ட்ஸுக்கு இறங்க, கூம்பு தள்ளும் காற்று நான்கு மடங்காக வேண்டும். சிறிய பெட்டி ‘20 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருந்தால், எத்தனை டெசிபல் இறக்கத்தில் என்று கேளுங்கள். ±3 டெசிபல் என்று இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. ஏற்கெனவே இருப்பது நல்லதென்றால் அதே மாடலில் இன்னொன்றை எதிர்ச்சுவரில் வைப்பது, ஒரே பெரிய பெட்டிக்கு மாறுவதைவிடப் பல அறைகளில் சீரான ஒலி தரும்.

ஆம்பிளிஃபையரில் சப்வூஃபருக்கான ‘சப் அவுட்’ இணைப்பு இல்லையென்றால் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே ஒயர் எடுத்து சப்வூஃபரின் ஹை-லெவல் உள்ளீட்டுக்குக் கொடுக்கலாம். அது ஆம்பிளிஃபையருக்குச் சுமையாகாது. ஆனால் பல கிளாஸ்-டி வகை ஆம்பிளிஃபையர்களில் கறுப்பு (நெகட்டிவ்) முனையிலும் சிக்னல் இருக்கும். இரு பக்கக் கறுப்பையும் ஒன்றாக இணைத்தால் பழுதாகிவிடும். கையேட்டைப் பார்க்காமல் இதில் கை வைக்காதீர்கள்.

இணைத்ததும் ‘ஹ்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் சிக்னல் கேபிளை சப்வூஃபர் பக்கம் மட்டும் உருவிப் பாருங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் எர்த் வளையம்தான், அதாவது இரு கருவிகளின் எர்த்தும் சிக்னல் கேபிளும் சேர்ந்து ஒரு வளையமாகி இரைச்சலைக் கொண்டுவருவது: இரு கருவிகளையும் ஒரே மின்பலகையில் சொருகுங்கள், அப்படியும் போகாவிட்டால் சிக்னல் பாதையில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். உள்ளே பழுது ஏற்பட்டால் பெட்டியைத் தொடுபவரின் உயிரைக் காப்பது அதுதான்.