ரேட்டிங் வந்த ராத்திரி மெயில் அனுப்பாதீர்கள்

ஏப்ரல் பிறந்தால் என் மேஜையில் ஒரு டிஷ்யூ பெட்டி ஏறிவிடும். ஐடி கம்பெனிகளில் எச்ஆர் வேலை பார்த்து 16 வருடம் ஆகிறது. அப்ரைசல் சீசனை, அதாவது வருடாந்திர வேலை மதிப்பீடு வெளிவரும் நாட்களை, அது இல்லாமல் தாண்டியதே இல்லை.

ஒரு வருடம் டெஸ்டிங் டீமிலிருந்து ஒரு பெண் வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே போனை நீட்டினார். ஐந்துக்கு மூன்று. அதன் கீழே ஒரே வரி: இன்னும் ப்ரோஆக்டிவாக (கேட்பதற்கு முன்பே தானாக முன்வந்து செய்பவராக) இருக்க வேண்டும். "மூணு ரிலீஸ் மேடம். மூணுக்கும் ராத்திரி முழிச்சேன். இதுக்கு மேல என்ன ப்ரோஆக்டிவ்?" ராஜினாமா மெயில் டிராஃப்டில் தயாராக இருந்தது.

அந்த மூன்று எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. மேனேஜர் போடும் மார்க் அப்படியே வந்துவிடாது. நார்மலைசேஷன் என்று ஒரு மீட்டிங் உண்டு. திரையில் எக்செல் ஷீட், நாற்பது பெயர், மேல் ரேட்டிங்குக்கு இடம் நாலோ ஐந்தோ. தன் ஆளுக்காக வாதாடத் தெரிந்த மேனேஜரின் ஆட்கள் தப்பிப்பார்கள். வாய் திறக்காதவரின் ஆட்கள் ஒரு படி கீழே இறங்குவார்கள். ஜூன் மாதம் நீங்கள் விடிய விடிய உட்கார்ந்து தீர்த்த பிரச்சினை மார்ச்சில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மைக்ரோசாஃப்ட் 2013லேயே இந்தத் தரவரிசை முறையைக் கைவிட்டது. வேறு பெயரில் அது பல இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அதற்காக எல்லாப் பழியையும் பெல் கர்வ் மேல், அதாவது இத்தனை பேருக்குத்தான் மேல் ரேட்டிங் என்று முன்கூட்டியே பங்கிடும் இந்த முறை மேல், போட்டுவிடவும் முடியாது. என் முன்னால் அழுத சிலரைப் பற்றி எழுதியிருந்தது சரியாகத்தான் இருந்தது, சொன்ன விதம்தான் மோசம். குளூகர், டிநீசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி 1996ல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் வேலையை மேம்படுத்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட முறை, அதைக் கேட்ட பிறகு வேலை மோசமானது. விமர்சனம் வேலையை விட்டு ஆளைத் தொடும்போது மனசு சுருண்டுவிடுகிறது. வீட்டுக்குப் போய், "மூணு போட்டிருக்கான்" என்பதற்குப் பதில் "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று சொல்ல ஆரம்பிப்பது அப்போதுதான்.

ஆகவே ரேட்டிங் வந்த அன்றைக்கு ராஜினாமா மெயில் அனுப்ப வேண்டாம். ரேட்டிங்குக்குக் கீழே இருக்கும் அக்னாலெட்ஜ் பட்டனையும் அழுத்த வேண்டாம், அவகாசம் இருக்கும். பெரும்பாலான இடங்களில் அதை அழுத்தினால் "படித்தேன்" என்றுதான் பொருள், "ஒப்புக்கொண்டேன்" என்று இல்லை. உங்கள் கம்பெனியில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் கமென்ட் பெட்டி இருந்தால் காலியாக விடாதீர்கள். புலம்பல் வேண்டாம், தேதி, வேலை, முடிவு, அவ்வளவு போதும். அடுத்த வருடம் மேனேஜர் மாறினால் அவர் திறந்து பார்க்கப்போவது அந்த ஃபைலைத்தான்.

பிஐபி, அதாவது குறிப்பிட்ட நாளுக்குள் வேலையில் முன்னேற்றம் காட்டச் சொல்லும் திட்டம், என்றால் கதை வேறு. 30, 60, 90 நாள் என்று கெடு வைப்பார்கள். எதை எட்டினால் தேறியதாகக் கணக்கு என்பதை மெயிலில் எழுதி வாங்குங்கள். அறையில் உட்காரவைத்து "இப்பவே ரிசைன் பண்ணிடுங்க" என்றால் கையெழுத்துப் போடாமல் அவகாசம் கேளுங்கள். நான் எச்ஆர்தான், தெரிந்தே சொல்கிறேன்.

இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது அப்ரைசல் பிரச்சினை மட்டும் இல்லை. டெலி மானஸ் 14416, மனநல உதவிக்கான தொலைபேசி எண், அரசு நடத்துவது, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

அந்தப் பெண் டிராஃப்டை அழிக்கவில்லை, அனுப்பவும் இல்லை. மூன்று நாள் கழித்து மேனேஜரிடம் ஒரே கேள்வி கேட்டார்: "நான் ப்ரோஆக்டிவா இல்லாத ஒரு சம்பவம் சொல்லுங்க." அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். திங்கட்கிழமை பதில் வந்தது. ரிலீஸுக்கு முந்தின வாரமே தெரிந்த ஒரு பிழையைக் கடைசி நாள்தான் எடுத்துச் சொன்னாராம். "அது உண்மைதான் மேடம்" என்றார் என்னிடம். ரேட்டிங் மாறவில்லை. ஆகஸ்டில் வேறு டீமுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் வந்தது, நான்தான் கையெழுத்துப் போட்டேன்.