பக்கத்து பெஞ்சில் ஒரு வாத்தியார்

கோடையும் குளிர்காலமும் ஏன் வருகின்றன? எட்டாம் வகுப்பில் இரண்டு பேர் ஜோடியாக உட்கார்ந்து இதைப் பேசுகிறார்கள். ஒருவன் சொல்லித்தருபவன். "பூமியோட அச்சு 23.5 டிகிரி சாஞ்சிருக்கு, அதான்" என்று பட்டென்று முடித்துவிடுகிறான். கேட்பவன் விடவில்லை. "சாஞ்சா அந்தப் பக்கம் சூரியனுக்குக் கிட்ட வருது. அதனாலதானே சூடு?"

இப்போது சொல்லித்தருபவன் திணறுகிறான். எனக்கு இந்தத் திணறல்தான் முக்கியம். மனப்பாடமாக இருந்த விடை போதவில்லை. சூரியனுக்குப் பூமி மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், அப்போதுதான் வட பாதியில் குளிர்காலம் என்பது அவன் நினைவுக்கு வருகிறது. அப்படியானால் காரணம் தூரமாக இருக்க முடியாது. நோட்டின் மேல் டார்ச்சை நேராக அடித்துப் பார்க்கிறான்: சின்ன வட்டம், நல்ல வெளிச்சம். சாய்த்து அடிக்கிறான்: அதே வெளிச்சம் நீண்டு பரவி மங்குகிறது. இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிகிறது: அச்சு சாய்ந்திருப்பதால் குளிர்காலத்தில் வெயில் இப்படிச் சரிவாக விழுந்து பரவிவிடுகிறது, அதனால்தான் சூடு குறைகிறது.

ராட் ராஸ்கோ, மிஷலீன் சீ என்ற ஆய்வாளர்கள் 2007-இல் இதைத்தான் பிரித்துக் காட்டினார்கள். சொல்லித்தரும் மாணவர்கள் பெரும்பாலும் தெரிந்ததை அப்படியே ஒப்பிக்கிறார்கள். அதில் அவர்களுக்குப் பெரிய லாபமில்லை. தன் புரிதலில் உள்ள ஓட்டையைக் கண்டு, அதை அடைக்க யோசிக்கும்போதுதான் கற்றல் நடக்கிறது. கேட்பவரின் நல்ல கேள்வி அவர்களை அந்த இடத்துக்கு இழுத்து வருகிறது. 1982-இல் கோஹன், குலிக் தம்பதி என்ற ஆய்வாளர்கள், மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லித்தருவது பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், கற்றவர்களோடு கற்பித்தவர்களும் முன்னேறியிருந்தார்கள்.

ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் சந்தேகம் நண்பனிடம் எளிதாக வாய்விட்டு வரும். பதின்ம வயதில் இது சின்ன விஷயமே இல்லை. அதோடு, போன வாரம்தான் புரிந்துகொண்டவனுக்குத் தான் எங்கே வழுக்கினோம் என்பது இன்னும் மறந்திருக்காது. பல வருடம் பாடம் நடத்தியவருக்கு அந்த இடம் கண்ணில் படாமலே போகலாம்.

வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குபவரையே வாத்தியாராக்குவது தவறு என்பேன். சொல்லித்தருவதால் வரும் லாபம் ஏற்கெனவே இருப்பவருக்கே மறுபடியும் போய்ச்சேரும். மற்றவர் காலமெல்லாம் கேட்பவராகவே நின்றுவிடுவார். பாதி நேரத்தில் இடம் மாறச் சொல்லலாம். கேட்பவர் கையில் "ஏன் அப்படி?", "இது இல்லையென்றால் என்ன ஆகும்?" போன்ற கேள்விகளை எழுதிக் கொடுக்கலாம். அப்புறம் பேனா. கணக்கைச் சொல்லித்தருபவரே போட்டு முடித்துவிட்டால் மற்றவர் வெறும் பார்வையாளர்தான். விளக்கம் கேட்டவர் உடனே அதேபோன்ற இன்னொரு கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆசிரியருக்கு இது ஓய்வு நேரம் அல்ல. தவறான விளக்கத்தை இரண்டு பேரும் உறுதியாக நம்பித் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஜோடி எங்காவது இருக்கும். பெஞ்சு பெஞ்சாக நடந்து காதுகொடுத்தால்தான் அது பிடிபடும். அங்கே விடையைச் சொல்லிவிடாமல், டார்ச்சை எடுத்துக் கொடுத்தால் போதும்.