துண்டில் எழுதியதும் மனம் ஏன் ஆறுகிறது?

விசுவமடுவிலிருந்தோ தருமபுரத்திலிருந்தோ கிளிநொச்சி ரவுனுக்குப் போகிறவர்கள் ஒரேயொரு வேலைக்காகப் போவது குறைவு. பஸ் பிடித்து, பரந்தன் சந்தியால் சுற்றிப் போய் இறங்கவே காலையில் பெரும்பங்கு கழிந்துவிடும். அதனால் ஐந்தாறு வேலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வெளிக்கிடுவோம். வங்கி, அம்மாவின் கிளினிக், கமநல சேவை நிலையத்தில் பசளை விசாரிப்பு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து, தண்ணீர்ப் பம்புக்கு ஒரு வாசர். திரும்பும் பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் வாசர் நினைவுக்கு வரும். வயது போகிறது, மறதி கூடிவிட்டது என்று எங்களை நாங்களே நொந்துகொள்கிறோம். ஆனால் இருபது வயதுப் பிள்ளைக்கும் இது நடக்கும். மூளை வேலை செய்யும் விதம் அப்படி.

அந்தந்த நேரத்துக்குத் தேவையானதை மட்டும் பிடித்து வைத்திருக்க மூளையில் ஒரு தற்காலிக நினைவு இருக்கிறது. அதன் இடம் மிகவும் சிறியது. 1956இல் ஜோர்ஜ் மில்லர் என்ற உளவியலாளர், சுமார் ஏழு விடயங்கள் கொள்ளும் என்று எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் முந்தைய ஆய்வுகளை அலசிப் பார்த்து, சுமார் நான்குதான் என்றார். மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால் இன்னும் ஒன்றிரண்டைப் பிடித்து வைக்கலாம். வழியில் தெரிந்த ஒருவர் கண்டு கதைக்கத் தொடங்கினால் அந்தச் சொல்லிக்கொள்ளல் அறுந்துபோகும், கூடவே வாசரும் போய்விடும்.

மறக்காமல் இருக்கத்தான் செய்யவேண்டிய வேலைகளை ஒரு தாள் துண்டில் எழுதுகிறோம் என்று எல்லோரும் நினைக்கிறோம். அது பாதிதான். மற்றப் பாதி, என் எண்ணத்தில் பெரிய பாதி, மனதைத் தொல்லையிலிருந்து விடுவிப்பது. 1927இல் பேர்லினில் புளூமா ஸைகார்னிக் என்ற பெண் ஆய்வாளர், முடித்த வேலைகளைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலைகள் மனிதருக்குக் கூடுதலாக நினைவில் நிற்கின்றன என்று கண்டார். பின்னால் செய்த சோதனைகள் எல்லாவற்றிலும் இது அப்படியே கிடைக்கவில்லை. ஆனால் பாதியில் விட்ட வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற உந்துதலை, அவருடன் படித்த மரியா ஓவ்சியான்கினா 1928இல் காட்டினார். அது உறுதியாக நிற்கிறது. இரவு பாயில் படுத்த பிறகு "வங்கிக்குப் போகேல்லையே" என்று குடையும் அந்த நினைவு இதுதான்.

அந்தக் குடைச்சலை அடக்க வேலையை முடித்தே ஆக வேண்டுமா? தேவையில்லை என்று 2011இல் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் காட்டினார்கள். முடிக்காத வேலை ஒன்றை மனதில் கிளப்பிவிட்டு, ஆட்களிடம் ஒரு துப்பறியும் கதையின் பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். பலருக்கு மனம் கதையில் நிற்காமல் அந்த வேலைக்கே ஓடியது. அதை எப்படிச் செய்து முடிப்பது என்று முன்கூட்டியே திட்டம் எழுதியவர்களுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. வேலை அப்படியே கிடக்கிறது, ஆனாலும் மனம் விட்டுவிடுகிறது. 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 பேரைப் படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் எழுத வைத்தார்கள். அடுத்த நாட்களில் செய்யவேண்டியதை எழுதியவர்கள், முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முந்தித் தூங்கினார்கள். எவ்வளவு விபரமாக எழுதினார்களோ, அவ்வளவு விரைவில் தூக்கம் வந்தது.

விபரம் என்ற இடத்தில்தான் எங்கள் துண்டுகள் பலதும் தவறிப்போகின்றன. கிழித்த கலண்டர் தாளின் பின்புறத்தில் "பம்ப்" என்று ஒரு சொல் கிடக்கும். அதைப் பார்த்தால் என்ன செய்வது? யாரைக் கேட்பது, எப்போது போவது என்ற யோசனை எல்லாம் இன்னும் தலைக்குள்ளேயே இருக்கிறது. "திங்கள், வங்கியால் வெளியில் வந்ததும் கரடிப்போக்குப் பக்கம் பம்புக் கடை, பழைய வாசரைக் கொண்டுபோவது" என்று எழுதிப் பாருங்கள். இப்போது நினைவூட்டுவது உங்கள் வேலையல்ல; வங்கி வாசல் நினைவூட்டும். இன்ன நேரம், இன்ன இடம் வந்தால் இன்னது செய்வேன் என்று முடிச்சுப் போட்டு வைப்பதன் பலனை பீட்டர் கோல்விற்சர் பல வருடங்களாக ஆராய்ந்தவர். 2006இல் அவரும் பஸ்கால் ஷீரனும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், வெறும் எண்ணத்தைவிட இந்த முடிச்சு நன்றாகவே கைகொடுத்தது.

சரி, எதை முதலில் செய்வது? இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக நெற்செய்கைக்கு முன் கூட்டம் வைத்து எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கிறார்கள் அல்லவா? அங்கே காணி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை, குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறார்கள். வேலைத் துண்டையும் அப்படியே போட வேண்டும்: இன்றைக்குக் கையில் இருக்கிற நேரம் எவ்வளவு, அதற்குள் எது விளையும்? நாங்கள் செய்வது மறுதலை. எது சத்தம் போடுகிறதோ அதைத் தூக்குகிறோம். 2018இல் மெங் சூவும் கூட வேலை செய்தவர்களும் வெளியிட்ட சோதனைகளில், பரிசு குறைவாக இருந்தாலும் "நேரம் முடியப்போகிறது" என்ற வேலையையே பலர் தெரிவுசெய்தார்கள். எதில் எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தெரிவுசெய்யும் நேரத்தில் கவனத்துக்குக் கொண்டுவந்தபோது அந்த அவசரப் பிடி தளர்ந்தது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைச் செய்தால் என்ன கிடைக்கும் என்று இரண்டு சொல் எழுதி விடுங்கள். "கிளினிக், அம்மாவின் பிரஷர் மருந்து முடிகிறது." இனி அதைப் பின்னுக்குத் தள்ள மனம் வராது.

கவனம் சிதறுவதற்கும் துண்டு உதவும், ஆனால் வேறு விதமாக. மாதர் சங்கக் கணக்கைக் கொப்பியில் கூட்டிக்கொண்டிருக்கும்போது படலையில் குரல் கேட்கிறது.

"அக்கா, நிக்கிறியளோ?"

"ஓம் தங்கச்சி, வாறன்."

போய்க் கதைத்துவிட்டு வந்து இருந்தால், கண் கொப்பியில், மனம் இன்னும் படலையில். ஒரு வேலையிலிருந்து மற்றதற்கு மாறும்போது கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே ஒட்டி நிற்பதை 2009இல் சோஃபி லெராய் ஆராய்ந்து காட்டினார். பிறகு தெரேசா குளோம்புடன் செய்த ஆய்வில், எழும்பிப் போகுமுன் எங்கே நிற்கிறேன், திரும்பி வந்து என்ன செய்வேன் என்று ஒரு நிமிடம் குறித்து வைத்தவர்களுக்கு இந்த ஒட்டல் குறைந்தது. "ஆடி வரை கூட்டியாச்சு, அடுத்தது ஆவணிப் பற்றுச்சீட்டு" என்ற ஒரு வரி போதும். போன் அடித்தாலும் இதே வழிதான். தானாக மனதில் முளைக்கும் "அவவுக்கு மெசேஜ் போடவேணும்" போன்றவற்றை அதே தாளின் மூலையில் எழுதிவிட்டு வேலையைத் தொடரலாம். போனை எடுத்தால் அது ஒரு மெசேஜோடு நிற்காது.

துண்டு நீளக்கூடாது. 1994இல் ரொஜர் பூலரின் குழுவினர், இறுதியாண்டு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரி விடை 34 நாள். உண்மையில் எடுத்தது 55 நாளுக்கு மேல். எல்லாமே பிழையாகப் போனால் எவ்வளவு எடுக்கும் என்று கேட்டபோது சொன்ன கணக்கே 49 நாளுக்குள்தான் இருந்தது. பத்து வரி எழுதிய நாளில் நான்கு முடிந்தால் அது சோம்பல் அல்ல, கணக்குப் பிழை. நான்கே எழுதுங்கள், மிச்சத்தை வேறு பக்கத்தில் போடுங்கள்.

மாதக்கணக்காக ஒரு தாளிலிருந்து மறு தாளுக்கு ஏறிக்கொண்டே போகிற வரி ஒன்று எல்லோரிடமும் இருக்கும். வன்னியில் பலருக்கு அது "காணி அனுமதிப்பத்திரம்". அது ஒரு வேலையல்ல, பல வேலைகளின் கட்டு. அதை வெட்டிவிட்டு, "கிராம அலுவலர் எந்த நாளில் கந்தோரில் நிற்பார் என்று கேட்பது" என்று எழுதுங்கள். இதை இன்றைக்கே போனில் கேட்டுவிடலாம்.