பத்தாயிரம் புகைகள் எங்கே போயின?

ஒட்டுசுட்டானில் உயர்தரம் படிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அலாஸ்காவின் கட்மாய் பூங்காவில் பத்தாயிரம் புகைகளின் பள்ளத்தாக்கு இருக்கிறதாம். இப்போது எடுத்த படங்களில் புகையையே காணோமே? வன்னி நிலத்துக்குள்ளும் எரிமலை இருக்குமா?"

வன்னியில் இல்லை. இங்கே அடியில் கிடப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உருமாறிய பழம்பாறை. புவித்தட்டுகளின் விளிம்பும் வெகுதூரம்.

புகைக்கு வருவோம். 1912 ஜூன் 6 அன்று நொவரப்டா எரிமலை வெடித்து, ஏறத்தாழ 60 மணிநேரம் கக்கியது. 20ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்பு அது. சுடுசாம்பல் பாய்ந்து பக்கத்துப் பள்ளத்தாக்கை நிரப்பியது. சில இடங்களில் 200 மீற்றர் தடிப்பு.

அந்தப் பள்ளத்தாக்கில் ஓடிய ஆறுகளும் கிடந்த பனியும் சாம்பலுக்கடியில் அகப்பட்டுக்கொண்டன. சாம்பல் வெப்பத்தை லேசில் கடத்தாது. அரிசி ஆலைக்குப் பின்னால் புகையும் உமிக்குவியல் மேலே கறுத்து ஆறிக் கிடக்கும், காலை வைத்தால் உள்ளே தணல். அதே கதைதான். உள்ளே சூடு குறையாத சாம்பலில் நீர் பட்டதும் ஆவியானது. கொதிநீர் ஆவியாகும்போது பருமன் ஏறத்தாழ 1,700 மடங்காகிறது. அவ்வளவு ஆவியும் சாம்பலில் இருந்த விரிசல்களைத் தேடி மேலே பீறிட்டது. சாம்பல் துகள்கள் விட்ட அமில வாயுக்களும் கூடவே வந்து, ஆவி வெளியேறிய துளைகளின் ஓரத்தை அரித்துச் சிவப்பும் மஞ்சளுமான களியாக்கின. 1919இல் ஒரு துளையில் 645 பாகை செல்சியஸ் அளந்தார்கள்!

ஆக, அந்தப் புகைகளுக்கு நேர் கீழே எரிமலை இல்லை. சாம்பலோடு வந்த வெப்பம்தான் மொத்தக் கையிருப்பு. ஆவியான ஒவ்வொரு லீற்றர் நீரும் அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போனது. 1930களுக்குள் பெரும்பாலான துளைகள் அடங்கிவிட்டன. நொவரப்டாவின் வாயில் எரிமலைக்குழம்பு உறைந்து நிற்கும் குவிமாடத்தின் பக்கம் இன்றும் மெல்லிய ஆவி வருகிறது.

1916இல் இந்தப் பள்ளத்தாக்கைக் கண்டு பெயரும் வைத்த ரொபேர்ட் கிரிக்ஸ் ஒரு தாவரவியலாளர். சாம்பல் மூடிய நிலத்தில் செடிகள் எப்படித் திரும்ப முளைக்கின்றன என்று பார்க்கப் போனவர். செலவை நஷனல் ஜியோகிரபிக் சங்கம் ஏற்றது. 1918இல் அந்த இடம் பாதுகாக்கப்பட்டது. உடனடிப் பலன் என்ன என்று கேட்டே ஆய்வுப் பணத்தை மறுக்கிறவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

சரி, போக நினைப்பவர்களுக்கு: அங்கே தரைவழிப் பாதை கிடையாது, சிறு விமானமோ படகோதான். ஜூலையில் போனால் புரூக்ஸ் அருவியில் சால்மன் மீன்கள் எதிர்த்துத் துள்ள, மேல்விளிம்பில் நிற்கும் பழுப்புக் கரடி அப்படியே வாயால் கவ்வும். பாலைப்பழத்துக்கு மரமேறும் நம் கரடி அதன் பக்கத்தில் சின்னன். அங்குள்ள ஆண் கரடி 400 கிலோவையும் தாண்டும். அதனால் புரூக்ஸ் முகாமில் இறங்கியதும் கரடிப் பாதுகாப்பு வகுப்பு கட்டாயம். அப்புறம் அங்கிருந்தே பள்ளத்தாக்குக்கு பஸ் உண்டு, 37 கிலோமீற்றர்.