எது சிப், எது முனை என்று டூல் செட்டருக்குத் தெரியாது

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு, வாளையாறு பக்கம் சின்ன ஷாப்புகளுக்கும் விஎம்சியோடு (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மெஷின்) டூல் செட்டர், அதாவது டூலின் நீளத்தை அளக்கும் கருவி, வந்தாயிற்று. பேப்பர் வைத்து உரசிப் பார்க்கும் வேலை ஒழிந்தது நிம்மதிதான். பட்டனைத் தட்டினால் நீளம் சரியாக வந்துவிடும் என்று நம்பிவிடுவதுதான் வம்பு.

டூல் மெதுவாக இறங்கிச் செட்டரின் தட்டைத் தொடும், சிக்னல் போகும், அந்தக் கணத்தில் இசட் அச்சு (மேலும் கீழும் நகரும் அச்சு) எங்கே இருந்தது என்பதை கன்ட்ரோலர் பிடித்துவைக்கும். ஃபானக் கன்ட்ரோலரில் இது ஜி31 ஸ்கிப் என்ற கட்டளையின் வேலை. மேக்ரோ என்ற சின்ன புரோகிராம் அதிலிருந்து நீளத்தைக் கணக்கிட்டு, ஜி10 கட்டளை மூலம் டூல் நீளங்கள் பதிவாகும் ஆஃப்செட் பக்கத்தில் எழுதிவிடும்.

இரண்டு முறை தொடுவது எதற்கு? சிக்னல் 10 மில்லிசெகண்ட் தாமதித்தால், நிமிடத்துக்கு 1000 மி.மீ. ஃபீடில் (நகரும் வேகத்தில்) 0.17 மி.மீ. பிசகும். 50 மி.மீ. ஃபீடில் அது 0.008தான். அதனால் முதல் தொடல் தேடுவதற்கு, இரண்டாவதுதான் அளப்பதற்கு. தாமதம் மாறாமல் இருந்தால் மாஸ்டர் டூல் (நீளம் தெரிந்த டூல்) வைத்துச் செய்யும் காலிபரேஷனே அதை ஈடுகட்டிவிடும். காலிபரேஷனுக்குப் பிறகு அளக்கும் ஃபீடை மாற்றினால் மறுபடி காலிபரேட் செய்தே ஆகவேண்டும்.

காஸ்ட் அயர்ன் ஓட்டும் ஷாப்பில் பெரிய எதிரி, கூலண்டோடு குழைந்த கரித்தூள். தட்டில் 0.1 மி.மீ. படிந்திருந்தால் டூல் 0.1 மி.மீ. கூடுதல் நீளம் என்று பதிவாகும். வெட்டு அவ்வளவும் ஆழம் குறையும். ஸ்பிண்டில் டேப்பரில் (டூல் ஹோல்டர் உட்காரும் கூம்புக் குழியில்) சிப், அதாவது உலோகச் சீவல், மாட்டினால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். அந்த முறை அளவு சரியாகவே தெரியும், அடுத்த டூல் சேஞ்சில் சிப் விழுந்ததும் கணக்கு மாறிவிடும். ஏர் அடிப்பது மட்டும் போதாது, துணியால் துடைத்துவிட்டு அளக்க வேண்டும்.

63 மி.மீ. ஃபேஸ் மில்லை நடுவில் இறக்காதீர்கள்; அங்கே இன்சர்ட்டே (வெட்டும் பல்லே) இல்லை. ஏறக்குறைய ஆரம் அளவு தள்ளி, எம்04-ல் (தலைகீழ்ச் சுற்றில்) மெதுவாகச் சுற்றவிட்டு அளக்க வேண்டும். வெட்டும் திசையான எம்03-ல் சுற்றினால் தட்டையே சீவிவிடும். டிரில்லில் கிடைப்பது முனை வரையிலான நீளம். 118 டிகிரி முனையுள்ள 10 மி.மீ. டிரில்லில் முழு விட்டம் அதற்கு 3 மி.மீ. மேலேதான் தொடங்கும்.

காலையில் குளிர்ந்த ஸ்பிண்டிலில் அளந்தது மத்தியானம் பொருந்தாது. ஸ்டீல் 300 மி.மீ. நீளத்தில் 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.035 மி.மீ. நீளும். வார்ம் அப் ஓட்டிவிட்டு அளப்பதே மேல்.

ஆபத்தானது ஒன்றுண்டு: பேப்பர் உரசி எடுத்த பழைய டச் ஆஃப் ஆஃப்செட்டும் செட்டர் ஆஃப்செட்டும் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பது. ஜாப்பின் பூஜ்ஜியத்தைக் குறிக்கும் ஜி54 இசட் -454.820 என்று வையுங்கள். செட்டர் கணக்கில் டூல் 142.370, பழைய முறையில் அதே டூல் -312.450. ஷிப்டு மாறும்போது பழைய எண் அப்படியே கிடந்தால், இரண்டும் கூடி இசட்டை -767.270-க்கு இறக்கச் சொல்லும். லிமிட் அலாரம் முந்திக்கொண்டால் தப்பித்தோம். இல்லையேல் ஜாப், வைஸ், ஸ்பிண்டில் எல்லாம் ஒன்றாகப் போகும்.

எண்ணை மாற்றிய பின் எம்டிஐயில் (கட்டளையைக் கையால் தட்டும் மோடில்) டூல் நீளத்தைக் கணக்கில் எடுக்கும் ஜி43-ஐ அந்த டூலின் ஹெச் எண்ணோடு (ஆஃப்செட் எண்) கொடுத்து, ரேபிடை (வேகமாக நகரும் வேகத்தை) 5 சதவீதமாகக் குறைத்து, இசட் 100-க்குக் கொண்டுவாருங்கள். ஜாப் மேல் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். 100 காட்டவில்லை என்றால் சைக்கிள் ஸ்டார்ட் பக்கம் கையே போகக்கூடாது.