பிரீதர் குழாயில் டப்பா மாட்டுவதற்கு முன்

ஆடி பிறந்ததிலிருந்து, இன்ஜினின் பின்பக்கம் ஆயில் வெளியேறாமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல் பிதுங்கிய நிலையில் என் பட்டறைக்கு வந்த மூன்றாவது லாரி அது. தக்கலைக்கு அந்தப் பக்கமிருந்து கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட டிப்பர். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. கிளட்ச் தகடு ஆயிலில் ஊறி, முதல் கியரில்கூட வண்டி நகர மறுத்தது. இரண்டு மாதத்திற்குள் இரண்டு முறை கியர் பாக்ஸை இறக்கி சீல் மாற்றியிருக்கிறார்கள். இரண்டு முறையும் 'சீல் டூப்ளிகேட்' என்று உதிரிபாகக் கடைக்காரர்தான் திட்டு வாங்கியிருக்கிறார்.

கேபினைச் சாய்த்துப் பார்த்தேன். இன்ஜின் மூச்சுவிடும் வழியான பிரீதரின் வாய் கட்டைவிரல் நுழையும் அளவில் இருந்தது. அதிலிருந்து சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு குழாய் கிளம்பி, காருக்கென்று விற்கப்படும் 'ஆயில் கேட்ச் கேன்' என்ற அரை லிட்டர் அலுமினிய டப்பா ஒன்றுக்குள் போனது. மூடியைத் திருகித் திறந்தால், உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் திணித்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்ஜினிலிருந்து வரும் நீராவி மழைக்காலக் குளிரில் தண்ணீராகி, ஆயிலுடன் கலந்து, கடைந்த வெண்ணெயைப் போன்ற பழுப்புக் குழம்பாகி அந்த நாரை முழுவதும் அடைத்திருந்தது. குழாயைத் துடைத்துவிட்டு வாய் வைத்து ஊதினேன். காற்று மறுபக்கம் வரவில்லை. மூச்சுவிடும் வழியை அடைத்தால் இன்ஜின் வேறு வழி தேடிக்கொள்ளும். அந்த இன்ஜினின் மூச்சு சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது, அவ்வளவுதான்.

உரிமையாளரிடம் இந்த டப்பாவை எதற்காக மாட்டினீர்கள் என்று கேட்டேன். "ஆயில் குறையுதுன்னு சொன்னேன் அண்ணே, இதைப் போட்டா நின்னுரும்னு சொன்னாவ" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைப் பல ஆண்டுகளாகப் பலர் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆயில் கேட்ச் கேன் என்பது ஆயில் குறைவதைத் தடுக்கும் சாதனம் அன்று. அது இன்ஜினுக்கு மருந்தும் அன்று. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கும் வாயு, பிரீதர் வழியே வெளியேறும்போது ஆயிலை நுண்துளிகளாக அள்ளிக்கொண்டு வருகிறது; அந்தத் துளிகள், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்கும் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் போய்ச் சேராமல் நடுவில் பிடித்து வைக்கும் பாத்திரமே கேட்ச் கேன். இன்ஜினை விட்டு வெளியேறிய ஆயில் வெளியேறியதுதான். டப்பா மாட்டுவதற்கு முன்பு அது இன்டர்கூலருக்குப் போனது, மாட்டிய பிறகு டப்பாவுக்குப் போகிறது. ஆயில் மட்டம் பார்க்கும் கேஜ் கம்பியில் இறங்கும் அளவில் எந்த மாற்றமும் இருக்காது. நாம் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்லும் அந்த வாயு ஏன் அதிகமாக வருகிறது என்று கண்டுபிடிக்காமல் டப்பா மாட்டுவது, கூரை ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு ஓடு மாற்றியாயிற்று என்று சொல்வதைப் போன்றது.

வாளி நிறைவதைப் பார்த்து மகிழ்கிறவர்களும் உண்டு. "வாரம் அரை லிட்டர் பிடிக்குது, சூப்பர் டப்பா" என்று ஒருவர் சொன்னார். வாரத்திற்கு அரை லிட்டர் அங்கே வந்து சேர்கிறது என்றால் அது டப்பாவின் பெருமை அன்று. ரிங்கும் அது உரசும் சிலிண்டர் லைனரும் தேய்ந்துவிட்டன, அல்லது வேறொன்று சம்ப்புக்குள் காற்றை ஊதிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அந்த 'வேறொன்றை' நம் மெக்கானிக்குகளே பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஏர் பிரேக் உள்ள லாரியில் காற்று நிரப்பும் கம்ப்ரசர் இருக்கிறது. அதன் ஆயில் திரும்பி வருவது இன்ஜின் சம்ப்புக்குத்தான். கம்ப்ரசரின் ரிங் தேய்ந்தால், அது அழுத்தும் காற்றில் ஒரு பங்கு நேராக சம்ப்புக்குள் இறங்கும். டர்போவின் தண்டுப் பகுதியில் தேய்மானம் அதிகமானாலும் இதே கதைதான். நல்ல இன்ஜினை 'ரிங் போச்சு' என்று பிரித்து, ஃபுல் வேலை செய்து, பெரும் பணம் செலவழித்த பிறகும் பேக் கம்ப்ரஷன் அடிப்பது நின்றபாடில்லை என்று வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். இதன் மறுபக்கமும் உண்டு: சம்ப்பில் அழுத்தம் கூடினால் டர்போவின் ஆயில் கீழே வடிய முடியாமல் டர்போவில் காற்றை அழுத்தும் பக்கம் கசியும், உடனே டர்போ போய்விட்டது என்று புது டர்போ வாங்கிவிடுவார்கள். அடுத்த மாதம் அதுவும் கசியும்.

ஆகவே, டப்பா வாங்க கடைக்குப் போவதற்கு முன் சம்ப்பின் அழுத்தத்தை அளந்து பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வைத்து, அது ஆடுகிறதா என்று பார்ப்பது நம் பழைய வழக்கம். அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அது கண் மதிப்பு மட்டுமே. இரண்டு மீட்டர் நீளமுள்ள, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை ஆங்கில 'யு' வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை கேஜ் கம்பியின் துளையில் காற்றுக் கசியாமல் பொருத்துங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு முழு வேகத்தில் இரு பக்கத் தண்ணீர் மட்டத்திற்கும் உள்ள உயர வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் கொடுத்துள்ள எல்லையுடன் ஒப்பிடுங்கள். கூடுதலாக இருந்தால், முதலில் ஏர் கம்ப்ரசரின் இணைப்பைத் தனிமைப்படுத்தி மறுபடி அளந்த பிறகே ரிங்கைப் பற்றிப் பேச வேண்டும். ஐம்பது ரூபாய்க் குழாய் செய்யும் இந்த வேலையைச் செய்யாமல் ஐயாயிரம் ரூபாய் டப்பா வாங்க ஓடுகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

இனி, தேர்வு. உங்கள் வண்டியின் பிரீதர் எங்கே போகிறது என்பதை முதலில் பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அது சாலையைப் பார்த்துத் தொங்கும். அங்கே டப்பா மாட்டுவதால் சாலையிலும் அடிச்சட்டத்திலும் ஆயில் சிந்தாது, டர்போவுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. பிரீதர் டர்போவுக்கு முன்புள்ள காற்றுக் குழாயில் சேரும் வண்டிக்குத்தான் கேட்ச் கேன் உண்மையில் பயன்படும்.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த, பி.எஸ். 6 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டி என்றால், தயவுசெய்து தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் தொழிற்சாலையிலேயே ஆயில் பிரிப்பான் இருக்கிறது. சிலவற்றில் சம்ப்பின் அழுத்தத்தைக் கவனிக்க சென்சாரும் உண்டு. அந்தப் பிரிப்பானின் ஃபில்டரைக் காலம் தவறாமல் மாற்றுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொரு டப்பாவைத் தொங்கவிடுவதில் பொருள் இல்லை.

குழாயின் அளவில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பிரீதர் வாய் 25 மில்லிமீட்டர், டப்பாவின் வாய் 12 மில்லிமீட்டர் என்றால், "பாதிதானே குறைகிறது" என்கிறார்கள். விட்டம்தான் பாதி, காற்று போகும் பரப்பு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். டப்பாவின் உள்வாய், வெளிவாய், இடையிலுள்ள முழங்கை இணைப்புகள் எதுவுமே பிரீதர் வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. டப்பாவைப் பொருத்திய பிறகு அதே தண்ணீர்க் குழாயால் மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். மட்டம் முன்பைவிடக் குறிப்பிடத்தக்க அளவு ஏறியிருந்தால் அந்த டப்பா உங்கள் இன்ஜினுக்கு ஆகாது, விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடையில் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க முடியாத டப்பாவை வாங்க வேண்டாம். ஆன்லைனில் வரும் பளபளப்பான டப்பாக்களில் பல, உள்ளே வெறும் கூடு. ஒரு வாயில் நுழைந்த ஆவி எதிர் வாயில் அப்படியே வெளியேறிவிடும். ஆயில் துளிகளில் பல ஒரு மைக்ரான் அளவிலேயே இருப்பதால், அவை மோதி ஒட்டி, ஒன்றுசேர்ந்து சொட்டாக வடிவதற்குத் தடுப்புத் தகடும் முறையான ஃபில்டரும் வேண்டும். ஃபில்டர் இருந்தால், அது அடைபட்டாலும் வாயு தப்பிச் செல்ல பைபாஸ் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பி நாரை நீங்களாகத் திணிக்காதீர்கள். அது அடைத்துக்கொள்வது ஒரு பக்கம் இருக்கட்டும்; அறுந்த இழை காற்றோடு போய், நிமிடத்திற்கு லட்சம் சுற்றுக்கு அருகில் சுழலும் டர்போ இறக்கையில் மோதினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கொள்ளளவு குறித்து நம் கன்னியாகுமரி மாவட்டத்திற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து சமவெளிப் பாதையில் ஓடும் பார்சல் லாரிக்குப் போதுமான டப்பா, கடையாலுமூடு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பர் தடி ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறி இறங்கும் லாரிக்குப் போதாது. பாரத்தோடு ஏறும்போது பேக் கம்ப்ரஷன் கூடுவது மட்டுமன்றி, வண்டி சாயும்போது டப்பாவில் சேர்ந்த ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி வெளிவாயை எட்டிவிடவும் கூடும். எனவே அகலத்தைவிட உயரம் கூடிய, வெளிவாய் உச்சியில் உள்ள, இரண்டு லிட்டருக்குக் குறையாத டப்பாவையே ஆறு சிலிண்டர் லாரிகளுக்கு நான் பொருத்துகிறேன்.

ரேடியேட்டருக்கும் ஹீட்டருக்கும் உரிய ரப்பர் குழாய் இந்த வேலைக்கு ஆகாது. அது தண்ணீருக்கானது, ஆயில் பட்டால் உப்பி, உள்சுவர் உரிந்து தானே அடைத்துக்கொள்ளும். ஆயில் தாங்கும் நைட்ரைல் குழாய் கேட்டு வாங்குங்கள். குழாய் நடுவில் தொங்கினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். இன்ஜினிலிருந்து டப்பாவரை சரிவு ஒரே சீராக இருக்கட்டும். சைலன்சர், டர்போ பக்கம் டப்பாவைக் கொண்டுபோகாதீர்கள். குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் என்று மீன் ஏற்றப் போகும் வண்டிகளுக்கு இரும்புக் கிளாம்ப் போடவே வேண்டாம். உப்புக் காற்றில் அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. எவர்சில்வர் கிளாம்ப் விலையில் சில பத்து ரூபாய்தான் கூடுதல்.

அடுத்ததாக ஓட்டுநர்களிடம் ஒரு வேண்டுகோள். டப்பா நிரம்பும்வரை வடிக்காமல் விடாதீர்கள். காற்றுக் குழாயோடு இணைந்த டப்பா நிரம்பி வழிந்தால், இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கத் தொடங்கும். டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருளே. சாவியைத் திருப்பினாலும் நிற்காது, டீசல் பம்ப்பை அடைத்தாலும் நிற்காது, வேகம் தானாக ஏறிக்கொண்டே போகும். இதை நேரில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். வெள்ளைப் புகை பட்டறை முழுவதையும் மூடிவிட, இன்ஜின் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அப்படி நேர்ந்தால், டாப் கியரைப் போட்டு, பிரேக்கை முழுவதும் மிதித்தபடி கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் காற்றுக் குழாயின் வாயைக் கனமான பலகையால் அடைக்க வேண்டும். கையாலோ துணியாலோ ஒருபோதும் அடைக்காதீர்கள். வேகம் எல்லை மீறிவிட்டால் எதையும் செய்யாமல் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடிவிடுங்கள்.

இந்த நிலை வராமலிருக்கச் செய்ய வேண்டியது மிகச் சிறிய வேலை. டீசல் அடிக்க நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டப்பாவின் கேஜ் கம்பியை ஒருமுறை உருவிப் பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீரும் சேர்ந்து வரும் என்பதால் டப்பா இரு மடங்கு வேகத்தில்கூட நிரம்பலாம். வடித்த பிறகு வால்வின் பிடியைக் கம்பியால் கட்டிவிடுங்கள். நம் சாலைக் குழிகளின் அதிர்வில் அது தானாகத் திறந்துகொண்டதை இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

வடித்த ஆயிலைத் திரும்ப இன்ஜினில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், "வீணாக்குவானேன்" என்று. அதில் இருப்பது தண்ணீர், எரியாத டீசல், கரி, அமிலம். பேரிங்குகளுக்கு அதைக் கொடுப்பதைவிட வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைப்பது மலிவு. பழையாற்றங்கரையிலும் குளத்துக் கரைகளிலும் அதைக் கொட்டுவதும் கூடாது. கழிவு ஆயில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் கொடுக்க வேண்டும். என் பட்டறையில் இதற்கென்று மூடியுள்ள தனி டிரம் ஒன்று வைத்திருக்கிறேன். எங்கே டப்பா மாட்டிய வண்டியாக இருந்தாலும் சரி, வடித்த ஆயிலைக் கொண்டுவந்து அதில் ஊற்றிவிட்டுப் போகலாம், அதற்குக் காசு வாங்குவதில்லை.