முடிவாகாத தரத்துக்கு லேப்டாப் எப்படித் தயாரானது?

2007-ஆம் ஆண்டின் நடுவில் லேப்டாப் வாங்கப் போனவர்கள் 'டிராஃப்ட்-என்' என்ற சொல்லை அடிக்கடி கேட்டிருப்பார்கள். 802.11என் என்னும் வைஃபை தரம் அப்போது வரைவு (டிராஃப்ட்) நிலையில்தான் இருந்தது. இத்தகைய தரங்களை வகுக்கும் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு அதற்கு இறுதி ஒப்புதல் தந்தது 2009 செப்டம்பரில். ஆனால் இன்டெல் 2007-இன் முற்பாதியிலேயே, தன் சென்ட்ரினோ வகை லேப்டாப்களுக்கான 4965ஏஜிஎன் வைஃபை அட்டையைக் கொண்டுவந்துவிட்டது. எழுதி முடிக்காத விதிகளுக்கு எந்தத் துணிச்சலில் சிப் செய்தார்கள்?

அந்தத் தரம் என்ன கேட்டது என்று பார்த்தால் புரியும். அதற்கு முந்தைய 802.11ஜி, நொடிக்கு அதிகபட்சம் 54 மெகாபிட் தந்தது. சுவரிலும் அலமாரியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் அதற்குத் தொல்லை. 802.11என் அந்தத் தொல்லையையே மூலதனமாக்கியது. ரௌட்டரின் இரண்டு ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் வெவ்வேறு தரவை அனுப்பும். லேப்டாப்பின் ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் இரண்டும் கலந்தே வந்து சேரும். ஆனால் அலைகள் வந்த வழிகள் வேறு என்பதால், கலந்திருக்கும் விதம் ஆன்டெனாவுக்கு ஆன்டெனா மாறுபடும். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் முன்னும் இரு பக்கமும் அறிந்த ஒரு குறிப்பலை வரும். அதைக் கொண்டு சிப் அந்தக் கலவையை அளந்துகொள்ளும். அப்புறம் இரண்டு சமன்பாடுகள், இரண்டு மாறிகள்: பள்ளியில் படித்த இயற்கணிதம்தான். எனக்கு வைஃபையில் மிகவும் பிடித்த பகுதி இது. இதோடு தரவு செல்லும் அலைத்தடத்தை 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40 ஆக அகலப்படுத்தியதும் உச்ச வேகம் 300 மெகாபிட் ஆனது.

இந்தக் கணக்குக்குக் கூடுதல் ஆன்டெனாவும் ரேடியோவும் வேண்டும். அவற்றை மென்பொருளால் உண்டாக்க முடியாது. 4965 அட்டையில் மூன்று ஆன்டெனா இணைப்புகள் இருந்தன. திரைச் சட்டத்துக்குள் இரண்டு ஆன்டெனாக் கம்பிகள் மட்டுமே ஓடும் பழைய லேப்டாப்பில் அதைப் பொருத்தினால் ஓர் இணைப்பு சும்மா இருக்கும்.

2006-இல் வந்த முதல் வரைவு வாக்கெடுப்பில் தோற்றது. சுமார் 12,000 கருத்துகள் குவிந்தன. இடம் குறைவான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 40 மெகாஹெர்ட்ஸ் தடம் பக்கத்து வீட்டு வைஃபையை நசுக்கிவிடுமே என்பது முக்கியமான கவலைகளில் ஒன்று. 2007 மார்ச்சில் இரண்டாம் வரைவு ஏற்கப்பட்டபோது ரேடியோ சார்ந்த அடிப்படைகள் ஏறத்தாழ உறுதியாகிவிட்டன. வைஃபை கருவிகளுக்குச் சான்றளிக்கும் நிறுவனக் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் ஜூன் மாதமே அந்த வரைவின்படி சான்றளிக்கத் தொடங்கியது. அந்தச் சான்று பெற்றவை இறுதித் தரத்தோடும் ஒத்துப்போயின.

வன்பொருள் இருந்தால் போதும் என்பதற்கு ஆப்பிள் நல்ல சாட்சி. 2006-இன் பிற்பகுதியில் விற்ற பல மேக்புக்குகளில் டிராஃப்ட்-என் ரேடியோ ஓசையின்றி உள்ளே இருந்தது. 2007-இல் 1.99 டாலர் மென்பொருள் அதைத் திறந்துவிட்டது.

பின்னாளில் வந்த வைஃபை 7 என்ற தலைமுறையிலும் இதே வரிசைதான்: அலையன்ஸ் சான்று 2024 ஜனவரியில் வந்தது, ஐஇஇஇ தரம் 2025-இல் வெளியானது. ஆகவே புது லேப்டாப் வாங்கும்போது, எந்தத் தரம் என்பதோடு நிற்காமல் அட்டையின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அதில் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ உண்டா, 320 மெகாஹெர்ட்ஸ் தடத்தைக் கையாளுமா, எத்தனை ஆன்டெனா என்று பாருங்கள். 160 மெகாஹெர்ட்ஸோடு நிற்கும் அட்டைகளும் வைஃபை 7 பெயரில் விற்பனையில் இருக்கின்றன.